அறைக்குள் போட்ட நாற்று

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த மேல்மாடி அறையின் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு ஓட்டை இருந்தது. எலி குடைந்த ஓட்டை அல்ல, கட்டும்போதே வைத்துக் கட்டியது. முன்னால் சல்லடை போல ஒரு இரும்பு மூடி. அதற்குப் பின்னால் செங்கல்லில் வரிசையாகத் துளைகள். துளைகளுக்கு அப்பால் நேரே தெரு. அதற்குள்ளால் தை மாதக் காற்று சீறிக்கொண்டு வரும். பனி கொட்டுகிற நாட்டில் சுவரில் ஓட்டை வைத்துக் கட்டியவனை நினைத்து நானும் என் கணவரும் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம்.

"விசரன்கள். வெய்யில் நாட்டிலை நாங்கள் காத்துக்கு யன்னல் வைக்கிறம். இவங்கள் குளிர் வரட்டுமெண்டு ஓட்டை வைக்கிறாங்கள்" என்பார் அவர்.

அந்த ஓட்டையை அடைத்தவள் நான்தான். அவர் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றைச் சுருட்டித் திணித்து, அதற்குமேல் பொலித்தீன் வைத்து, அகலமான டேப்பால் நாலு பக்கமும் ஒட்டினேன். ஒட்டிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். காற்றே இல்லை. கெட்டித்தனமாக ஒரு வேலை செய்துவிட்டதாக அன்றைக்கு எனக்குப் பெரிய பெருமை.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு இருபத்தாறு வயது. வயிற்றில் பிள்ளை, நாலாம் மாதம். அதற்கு முதல் வருடம் ஒன்று தங்கி, ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை தையல் பாக்டரி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சும்மா இருக்க என்னால் ஏலாது. கை ஓயாது, வாய் அதைவிட ஓயாது. கணவர் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் பின்னேரம் வரைக்கும் நித்திரை. ஒரே அறை. படுக்கையும் அதில்தான், மேசையும் அதில்தான். மேல்படிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் குசினி, அவ்வளவுதான். அவர் நித்திரையில் கிடக்க நான் சத்தம் போடாமல் என்ன செய்வது? நாற்றுப் போடுவோம் என்று முடிவெடுத்தேன்.

பின்வளவில் பாதியை நாங்கள் எடுக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் வைக்கத் திட்டம். தக்காளி விதையைச் சந்தியில் இருந்த தோட்டச் சாமான் கடையில் வாங்கினேன். கத்தரி விதை யாரோ கடிதத்துக்குள் மடித்து அனுப்பியது. மிளகாய்க்கு அப்டன் பார்க்கில் வாங்கிய செத்தல் மிளகாயை உடைத்தேன். தக்காளிப் பெட்டியில் மார்ச்சில் போடவேண்டும் என்று அச்சடித்திருந்தது. நான் மார்ச்சுக்குக் காத்திருப்பேனா? தைப்பொங்கலன்று போட்டேன். அந்த வருடம் கை வைக்கிற எதையும் நல்ல நாளில்தான் வைப்பது என்று ஒரு பிடிவாதம். இன்னொன்றும் இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. நாற்று நின்றால் பிள்ளையும் நிற்கும் என்று மனதுக்குள் ஒரு பேரம் பேசி வைத்திருந்தேன். யாரோடு பேரம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

விதைகளை ஈரத்துணியில் முடிந்து, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள் வைத்தேன். ஆறாம் நாள் தக்காளி வெள்ளை மூக்கை நீட்டியது. மிளகாய்க்கு இரண்டு கிழமை எடுத்தது. தயிர்க் கப்புகளின் அடியில் ஊசியைச் சுட்டுத் துளை போட்டு, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்த மண்ணை நிரப்பி, ஒவ்வொன்றாக ஊன்றி, யன்னலோர மேசையில் ஒரு தட்டில் அடுக்கினேன். தைமாத லண்டனில் வெளிச்சம் ஏது? காலை எட்டு மணிக்குத்தான் வானம் மெல்ல வெளுக்கும், பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். குஞ்சுகள் கழுத்தை நீட்டி நீட்டி யன்னல் பக்கம் சாய்ந்தன. ஒரு நாள் இரவு கண்ணாடிக்கு உட்பக்கமும் பனி பூத்தது. காலையில் பார்த்தால் ஏழு கத்தரி அடியோடு மடிந்து கிடந்தது. அன்றைக்குத்தான் யன்னலுக்குப் பொலித்தீன் ஒட்டினேன். சுவர் ஓட்டையையும் அன்றைக்குத்தான் அடைத்தேன். முந்தி குளிர்காய விறகு எரித்த சுவரடுப்பு இருந்த இடத்தில் பொருத்தியிருந்த பழைய கேஸ் ஹீட்டரைக் காலையிலிருந்து நான் படுக்கும்வரை எரிய விட்டேன்.

அறை எங்கள் ஊர் வெக்கைக்கு வந்துவிட்டது. யன்னல் முழுக்க வியர்த்துத் தண்ணீர் வழிந்தது. "ஈரம் நல்லது, நாத்துக்கு இதுதான் வேணும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாற்று மளமளவென்று எழும்பியது. ஹீட்டரின் நெருப்பு முதலில் நீலமாக இருந்தது. பிறகு மஞ்சளாக மாறிவிட்டது. "வடிவா எரியுது என்ன" என்றார் கணவர். ஹீட்டருக்கு மேலே சுவரில் கறுப்பாக ஒரு கறை படிந்தது. நான் அதை ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு நாளில் திரும்பவும் வந்தது. திரும்பவும் துடைத்தேன்.

கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்நாட்டு அக்கா இருந்தார். மதுரைப் பக்கம். முப்பத்தெட்டு வயது இருக்கும். கணவர் எஞ்சினியர், விடியக் காலையில் போய்விடுவார். அக்காவுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் பின்னேர ஷிப்ட். கலியாணமாகிப் பத்து வருடம், பிள்ளை இல்லை. அவர் என்னை வந்த நாள் முதல் "நீ" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் பழகாத ஒருத்தி "நீ" என்றால் காது சுடும். அவருடைய ஊர் வழக்கம் என்று தெரிந்தும் முதல் மாதம் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. பிறகு பழகிவிட்டது. பழகின பிறகு அதில் ஒரு இதமும் இருந்தது.

மாசி பிறந்த கிழமை அவர் மேலே வந்தார். கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! என்னம்மா இது, வீட்டுக்குள்ள தோப்பே வெச்சிருக்க! தளதளன்னு இருக்கே!"

ஒவ்வொரு கப்பையும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார். "இதுவும் நல்லா வளருது. ஆம்பளப் புள்ளதான், எழுதி வெச்சுக்கோ" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே வயிற்றைக் கையால் மறைத்தேன். பிள்ளை தங்கிய விஷயத்தை ஊருக்குக்கூட நான் எழுதவில்லை. இவர் பகிரங்கமாக அளந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

மூன்றாம் நாள் தக்காளி இலைகள் கவிழ்ந்தன.

வாடல் இல்லை அது. வாடினால் எனக்குத் தெரியும். மண் ஈரமாக இருந்தது, தண்டு விறைப்பாக நின்றது, இலைகள் மட்டும் தண்டோடு ஒட்டிக் கீழே தொங்கின. ஒரு கப் இரண்டு கப் இல்லை, எல்லாக் கப்பிலும் ஒரே மாதிரி. மிளகாய் இலை மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், குளிர் பட்டிருக்கும் என்று ஹீட்டரை இன்னும் ஏற்றி வைத்தேன். மறுநாள் இன்னும் மோசம்.

எனக்குத் தலையிடி தொடங்கியது. நெற்றியில் பட்டி போட்டு இறுக்குகிற மாதிரி ஒரு இடி. பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கணவர் நித்திரையால் எழும்பினால் நித்திரை முறிவதே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். "நைற் ஷிப்ட் ஆளைக் கொல்லுதப்பா" என்பார். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒவ்வொரு காரணம் தயாராக இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அந்த நாட்களில்தான் பிள்ளையின் துடிப்பை நான் உணரத் தொடங்கியிருந்தேன். தொடங்கிய துடிப்பு குறைந்துகொண்டு போனது. நாள் முழுக்க வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருப்பேன். ஒன்றும் அசையாது. முதல் பிள்ளை போவதற்கு முன்னும் இப்படித்தான் ஒரு மௌனம் வந்தது. அந்த மௌனத்தை எனக்குத் தெரியும்.

கண்ணூறு என்று முடிவு கட்டினேன். வேறென்ன? செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, நாற்றுத் தட்டை மூன்று தரம் சுற்றி, என் வயிற்றையும் மூன்று தரம் சுற்றி, குசினி அடுப்பில் தாச்சியை வைத்து அதில் போட்டேன். கண்ணூறு இருந்தால் மிளகாய் எரிகிற நெடி வராது என்பார்கள். வரவில்லை. தடிமன் பிடித்து என் மூக்கு இரண்டும் அடைத்துக் கிடந்தது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவேயில்லை. நெடி இல்லை, அப்போது கண்தான், அந்த அக்காவின் கண்தான். தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது.

அந்த ஞாயிறு கோயிலுக்குப் போனோம். ரயிலில் ஏறி அரை மணியில் தலையிடி விட்டுவிட்டது. கோயிலில் தீபம் காட்டும்போது வயிற்றில் பிள்ளை ஒரு உதை விட்டது. அப்படி ஒரு உதை. நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். கணவருக்கும் முகம் தெளிந்திருந்தது. "பாத்தீங்களே, சந்நிதியிலை நிக்கேக்கை ஒண்டுமில்லை" என்றேன். ஐயரிடம் நூல் வாங்கினோம். ஒன்றை நான் கையில் கட்டினேன், ஒன்றை நாற்றுத் தட்டில் கட்டினேன். வீட்டுக்கு வந்து ஹீட்டரைப் போட்டோம். இரண்டு மணித்தியாலத்தில் தலை இடித்தது. பிள்ளை அடங்கிப்போனது. கோயிலில் துடிக்கிற பிள்ளை வீட்டில் ஏன் பேசாமல் கிடக்கிறது? வீட்டில் ஏதோ இருக்கிறது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது கீழ்த்தளத்தில் இருக்கிறது என்று நினைத்ததுதான் நான் விட்ட பிழை.

இரண்டு நாள் கழித்து அக்கா எலுமிச்சம்பழச் சாதம் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். நான் கதவைப் பாதி திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"முகமெல்லாம் என்னம்மா இப்படி வெளிறிக் கிடக்கு? உன் ரூம்ல கால வெச்சாலே எனக்கு மூச்சு முட்டுது. சன்னலக் கொஞ்ச நேரம் திறந்து வெச்சுப் பாரேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "யன்னலைத் திறந்தா நாத்தெல்லாம் செத்துப்போம். அதுதானே உங்களுக்கு வேணும்?" என்றேன்.

"என்ன பேசற நீ?"

"நீங்கள் வந்து பாத்திட்டுப் போனதுக்குப் பிறகுதான் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டது. என்ர பிள்ளையும் துடிக்குதில்லை. பிள்ளை இல்லாத ஆக்களின்ர கண் பொல்லாதது எண்டு தெரிஞ்சும் உள்ளுக்கு விட்டது என்ர பிழை. இனி இஞ்சை வராதேங்கோ."

கிண்ணத்தை மெதுவாகப் படியில் வைத்தார். "சரிங்க" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

சத்தத்துக்குக் கணவர் எழும்பிவிட்டார். "என்ன கதை கதைச்சனீர்? மனுசர் கதைக்கிற கதையே உது?" என்று கத்தினார். நானும் கத்தினேன். அழுதேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற பெண்ணோடு எந்த ஆம்பிளை வாதாடுவான்? கடைசியில் நான் சொன்னபடியே கதவுக்கு உட்பக்கம் ஒரு தடித்த கொண்டியை வாங்கிப் பூட்டினார். நான் வெளியே போனால் உள்ளே கொண்டியைப் போட்டுவிட்டுப் படுக்கவேண்டும், யார் தட்டினாலும் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளிக்குள் ஒரு துவாயையும் மடித்து வைக்கச் சொன்னேன். கண் எதற்குள்ளாலும் வரும் என்ற பயம் எனக்கு.

அடுத்த கிழமை சினோ கொட்டித் தெருவெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு கிளினிக். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிடாமலே கட்டிலில் சரிந்தார். நான் வெளிக்கிட்டபோது எழும்பிவந்து கொண்டியைப் போட்டார். கொண்டி விழுகிற சத்தத்தைப் படியில் நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். கைப்பைக்குள் ஒரு தயிர்க் கப், அதில் இலை கவிழ்ந்த தக்காளி ஒன்று. விதை வாங்கிய கடையில் காட்டி, ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்கிற யோசனை.

கிளினிக்கில் மருத்துவிச்சி குழலை வைத்துக் கேட்டாள். இதயம் அடிக்கிறது என்றாள். வெளியே வந்தால் துடிக்கிறது, வீட்டில் துடிப்பதில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரித்தாள். நடமாட்டம் இருந்தால் கவனிக்கமாட்டாய், படுத்து ஓய்வெடு என்றாள். வீட்டுக்குப் போய் நன்றாகப் படுத்துக்கொள் என்று திரும்பவும் சொன்னாள்.

கடைக்காரர் வயது போன ஒரு வெள்ளைக்காரர். கப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இலையைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், அது பழையபடி தொங்கியது. மண்ணைத் தொட்டுப் பார்த்தார். எங்கே வைத்திருக்கிறாய் என்றார். படுக்கையறை என்றேன். எதால் சூடாக்குகிறாய் என்றார். கேஸ் என்றேன். நெருப்பு என்ன நிறம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, செடிக்கு மருந்து கேட்டால் நெருப்பின் நிறம் கேட்கிறாரே என்று. மஞ்சள் என்றேன். சுவரில் காற்றுக்கு ஒரு துளை இருக்குமே என்றார். அடைத்துவிட்டேன் என்றேன், கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

அவர் கப்பை மேசையில் வைத்தார்.

"இது செடியின் நோய் இல்லை. உன் அறையில் நச்சு வாயு இருக்கிறது. என் கண்ணாடிக் கூடத்தில் ஒரு வருடம் ஹீட்டர் கெட்டு, தக்காளி எல்லாம் இப்படித்தான் தொங்கியது. நானும் அதற்குள் விழுந்து கிடந்தேன். இப்போது அந்த அறையில் யார் இருக்கிறார்கள்?"

கணவர் நித்திரை என்றேன்.

அவர் தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, அம்புலன்ஸுக்கு அடிக்கப் பக்கத்துக் கடைக்கு ஓடினார், என் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு. எங்கள் வீட்டுக்கு ஒரே போன்தான், கீழே வாசல் நடையில் சுவரில் தொங்குவது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக்கூடியது ஒரே ஒரு ஆள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். ஏன் எடுக்கவேண்டும்?

"ஹலோ?"

"அக்கா, நான்தான்."

போனை வைத்துவிடுவாரோ என்று அவசரமாகச் சொன்னேன்.

"அக்கா, அவர் மேலை நித்திரை. ஹீட்டர் நஞ்சாம். உள்ளுக்காலை கொண்டி போட்டிருக்கு. எழுப்புங்கோ அக்கா, எப்பிடியாவது எழுப்புங்கோ."

"நீ எங்க இருக்க? உள்ள இல்லல்ல?"

"இல்லை. கடையிலை நிக்கிறன்."

"அங்கயே இரு."

ரிசீவர் விழுந்து சுவரில் டொக் டொக் என்று மோதியது. படியில் ஓடுகிற சத்தம். கதவை அறைகிற சத்தம். "தம்பி! தம்பி! கதவத் திறங்க! தம்பி!" நான் வாங்கிய சத்தியத்துக்கு அவர் கட்டுப்பட்டுக் கிடக்கிறாரா, அல்லது காது கேட்கிற நிலையிலேயே இல்லையா? திரும்பவும் அறைகிறார். திரும்பவும் கூப்பிடுகிறார். பிறகு கீழே ஓடிவருகிற சத்தம், திரும்ப மேலே ஏறுகிற சத்தம், இந்த முறை மெதுவாக, பாரம் தூக்கிக்கொண்டு. பிறகு மரத்தில் கல் விழுகிற சத்தம். மிளகாய் அரைக்க ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அம்மிக் குழவியால் அவர் அந்தக் கதவை இடித்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். நான் வாங்கிப் பூட்டுவித்த கொண்டி நல்ல கொண்டி. இலேசில் விடவில்லை. முருகா, முருகா என்று கத்தினேன், எதையோ திரும்பத் திரும்பக் கத்தினாய் என்று திரும்பி வந்த கடைக்காரர் பிறகு சொன்னார். மரம் பிளந்தது. கண்ணாடி நொறுங்கியது. இருமல். பிறகு தரையில் எதையோ இழுக்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. நெடுநேரம் ஒன்றுமே இல்லை.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

"மூச்சு இருக்கு" என்றார்.

கணவர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முகமூடியால் காற்றுக் கொடுத்தார்கள். அரை மணி பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார்கள். என் இரத்தத்திலும் அந்த நஞ்சு இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்குத் தாயைவிடக் கூட ஏறும் என்று டாக்டர் சொன்னார். இப்போது இதயம் அடிக்கிறது, மூளைக்கு ஏதாவது பட்டிருக்கிறதா என்பது பிறந்த பிறகுதான் தெரியும் என்றார். கேஸ்காரன் வந்து புகைபோக்கிக்குள் கையை விட்டு ஒரு கூடை சுள்ளியை இழுத்தான், பறவைக் கூடு. பிறகு சுவர் ஓட்டையைப் பார்த்தான். டேப்பைக் கிழித்து, சாரத்தை இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் நிலத்தைப் பார்த்தேன். உடைந்த யன்னலால் வந்த குளிரில் நாற்று முழுக்க அன்றிரவே கருகிவிட்டது. தட்டோடு தூக்கிக் குப்பையில் போட்டேன்.

அக்காவிடம் கீழே போனேன். காலில் விழப் போனேன், விடவில்லை. "அக்கா, நான் சொன்னதை மனசிலை வச்சிராதேங்கோ. விசரிலை கதைச்சிட்டன்" என்றேன். "விடுங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல. காப்பி குடிங்க" என்றார். போனில் வந்த "நீ" திரும்ப எங்கேயோ போய்விட்டது.

ஆனி வரை ஒவ்வொரு நாளும் பயந்தேன். யன்னலைத் திறந்து போட்டு, குளிரில் இரண்டு கம்பளிக்குள் கிடந்து பயந்தேன். பெண்பிள்ளை பிறந்தது. முகத்துக்கு நேரே வெளிச்சத்தை அசைத்துப் பார்த்தார்கள், கண் தொடர்ந்து போனது. மணியடித்துப் பார்த்தார்கள், திரும்பியது. ஒரு குறையும் தெரியவில்லை என்றார்கள். இப்போதைக்கு என்று ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் அவளை வளர்த்தேன். கவிழப் பிந்தினால் பயம், பேச்சுப் பிந்தினால் பயம், கணக்கில் ஒரு பிழை விட்டால்கூடப் பயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அக்கா வாசல் நடையில் நின்றார். எங்களைக் கண்டதும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினார். ஏதோ தேடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் படியில் எதிர்ப்பட்டார், அப்போதும் திரும்பினார். கடைக்குப் போகும்போது பார்த்தால் தன் அறைக் கதவை மூடிக்கொண்டார். பிள்ளைக்குச் சட்டை தைத்துத் தந்தார், காகிதத்தில் சுற்றிப் படியில் வைத்துவிட்டுப் போனார். நாலைந்து கிழமை இப்படி. ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"ஏனக்கா என்ர பிள்ளையைப் பாக்கிறீங்கள் இல்லை? நீங்கள் இல்லையெண்டா இவளுக்கு இண்டைக்குத் தேப்பன் இல்லை."

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். கோபம் இருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். குரலில் கோபம் இல்லை.

"ஊருல எல்லாரும் சொன்னதுதாங்க. பேர் வைக்கிற வீட்டுக்கு என்னக் கூப்பிடமாட்டாங்க. அந்தப் பேச்சே வேண்டாம்னுதான் இவ்வளவு தூரம் வந்தோம். இங்க நீங்களும் அதையே சொல்லிட்டீங்க. அப்ப அதுல ஏதோ இருக்கத்தானே செய்யும்?"

"அது ஹீட்டர் அக்கா! கூடு அடைச்சது. நான் ஓட்டையை அடைச்சது!"

"இருக்கட்டுங்க. புள்ள நல்லா இருக்கட்டும். உள்ள கூட்டிட்டுப் போங்க, காத்து அடிக்குது."

எத்தனை தரம் சொன்னேன். ஹீட்டர் ஆபத்து என்று கேஸ்காரன் எழுதித் தந்த சிவப்புத் துண்டைக்கூடக் கொண்டுபோய்க் காட்டினேன். தலையாட்டுவார். ஒரே வீட்டில், ஒரே வாசலில், அதற்குப் பிறகு பத்து மாதம் இருந்தோம். பிள்ளை அழுதால் கீழேயிருந்து தாலாட்டுகிற சத்தம் வரும். முகத்தை மட்டும் அவர் ஒரு தரமும் பார்க்கவில்லை.

பிள்ளைக்குப் பதினொரு மாதம் நடக்கும்போது சட்டனில் வீடு கிடைத்தது. சாமான் ஏற்றி முடிந்ததும் நான் அவர் கதவைத் தட்டினேன். திறந்தார். திரும்புவதற்கு முன் பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டேன். விழுந்துவிடப் போகிறாளே என்று வாங்கிக்கொண்டார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். உச்சியை மோந்தார். உள்ளங்கையால் அவள் நெற்றியை, மூக்கை, கன்னத்தை ஒவ்வொன்றாகத் தடவினார். பிள்ளை சிரித்துக்கொண்டு அவருடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

"அக்கா, ஒருக்காப் பாருங்கோ. ஒரே ஒருக்கா" என்று அழுதேன். வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

பிள்ளையை என் கையில் திருப்பித் தரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.